தரையை அளந்து கூரைக்கு விலை பேசாதீங்க

"சதுரத்துக்கு எவ்வளவு ஆகும் தம்பி?"

குஜிலியம்பாறைப் பக்கம் வீட்டு வேலை பேச வருகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. கான்கிரீட் தளத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தும். தரை எவ்வளவோ தளமும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டு பக்கமும் சாய்த்து நடுவில் மோடு வைக்கிற கூரைக்குப் பொருந்தாது. ஒரே வேலையைச் சதுர அடிக்கு 120 ரூபாய் என்றும் சொல்லலாம், 178 ரூபாய் என்றும் சொல்லலாம். சொன்ன இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் கூரையை அளந்திருப்பார், இன்னொருவர் தரையை அளந்திருப்பார்.

பிளான் வரைந்து எஸ்டிமேட் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தப் பதிவில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். இதில் வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை. கரூரில் ஒரு விலை, திண்டுக்கல்லில் ஒரு விலை, அடுத்த மாதம் இன்னொரு விலை. அளவுகள் மட்டும் எங்கே போனாலும் மாறாது. அளவைப் பிடித்துக்கொண்டால் விலையைக் கடையில் கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சிமென்ட் ஆலை இருக்கிற ஊரில் சாய்ப்பு எதற்கு?

பக்கத்துக் கரிக்காலியிலேயே செட்டிநாடு சிமென்ட் ஆலை இருக்கிறது. மூட்டைக்குத் தூரம் போக வேண்டிய ஊர் இல்லை நம்முடையது. அரசு கட்டித் தரும் வீட்டுக்கும் கான்கிரீட்தான் அடையாளம். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும், மிச்சம் 60 சதுர அடிக்குத்தான் தீப்பிடிக்காத வேறு கூரைக்கு இடம். அப்படியிருந்தும் சாய்ப்புக் கூரைக்கு எஸ்டிமேட் கேட்டு ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மூன்று விதமானவர்கள்.

முதலாவது, மண் சுவரிலோ மண் வைத்துக் கட்டிய கல் சுவரிலோ நிற்கும் பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள். கூரை போய்விட்டது, சுவர் நன்றாக இருக்கிறது. 20-க்கு 30 அடி வீட்டுக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் 250 கன அடி கான்கிரீட். எடை பதினேழு, பதினெட்டு டன். அந்தச் சுவர் அதைச் சுமக்காது. சுவரோடு இடித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூரையை மட்டும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் மேலே ஷெட் போடுகிறவர்கள். மூன்றாவது, ஆடு, மாடு, கோழிக்குக் கொட்டகை போடுகிறவர்கள். மூன்று பேருக்கும் கணக்கு ஒன்றுதான்.

டேப்பை எங்கே வைப்பது?

நம் கணக்கு வீடு: சுவரின் வெளி அளவு 30 அடி நீளம், 20 அடி அகலம். தரை 600 சதுர அடி, ஆறு சதுரம். மோடு 30 அடி வாக்கில் ஓடுகிறது. சுவர் மட்டத்திலிருந்து மோடு 5 அடி உயரம். மழைச் சாரல் சுவரில் அடிக்காமல் இருக்க இறவாரம் இரண்டு பக்கமும் 2 அடி வெளியே நீள்கிறது. முக்கோணச் சுவர் இருக்கும் இரண்டு முனையிலும் கூரை ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது.

இப்போது கூரையின் நீளம் 30 + 3 = 33 அடி. மோட்டிலிருந்து இறவார நுனி வரை படுக்கையில் அளந்தால் 10 + 2 = 12 அடி. ஆனால் ஷீட் படுக்கையில் போகவில்லை, சரிவில் போகிறது. 10 அடிக்கு 5 அடி ஏறும் சரிவுக்குப் பெருக்கு எண் 1.118. ஆகவே ஒரு பக்கச் சரிவு 12 × 1.118 = 13.4 அடி, அதாவது 13 அடி 5 அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 13.42 × 33 × 2 = 886 சதுர அடி.

ஆறு சதுரம் வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது சதுரம் கூரை. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

பெருக்கு எண்ணுக்குக் கால்குலேட்டர் தேடத் தேவையில்லை. 10 அடிக்கு 3 அடி ஏறினால் 1.044, 4 அடி ஏறினால் 1.077, 5 அடி ஏறினால் 1.118. இதுவும் வேண்டாம் என்றால் வெல்டிங் பட்டறையில் செய்வதுபோல் செய்யுங்கள்: தரையில் சாக்பீஸால் முக்கோணத்தை முழு அளவில் வரைந்து, சாய்ந்த கோட்டில் டேப்பை வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 600 எப்படி 886 ஆயிற்று? சரிவினால் கூடியது 71 சதுர அடிதான். மிச்சம் 215 சதுர அடியும் இறவாரமும் முனை நீட்டலும் தின்றவை. "மோட்டைக் கொஞ்சம் இறக்கிடுங்க, செலவு குறையும்" என்று சொல்லாத ஆள் இல்லை. 5 அடி மோட்டை 3 அடியாக இறக்கினால் கூரை 886-லிருந்து 827 ஆகிறது. மிச்சம் 59 சதுர அடி, நூற்றுக்கு ஏழு கூட இல்லை. தகர ஷீட்டுக்கு அந்தச் சரிவு தாங்கும். ஓட்டுக்கு அப்படி இறக்கினால் காற்றோடு வரும் மழை ஓட்டின் மேலடுக்கு வழியாக உள்ளே ஏறிவிடும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய இடம் இறவாரம். அதையும் மண் சுவர் வீட்டில் குறைக்கக் கூடாது. அங்கே சுவரைக் காப்பாற்றுவதே இறவாரம்தான்.

ஓடா, ஷீட்டா?

நம் பக்கத்தில் சீமை ஓடு என்று சொல்கிற மங்களூர் ஓட்டுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணை வைத்து முதல் ஆலையைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோட்டுப் பக்கம் பெரோக் வரை ஆலைகள் பெருகின. அரைவட்ட நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்க வேண்டும். சீமை ஓட்டில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பள்ளமும் மேடும் இருப்பதால் கொஞ்சம் ஓட்டில் நிறைய இடம் மூடும்.

ஒரு சதுர மீட்டருக்கு 15 ஓடு என்று வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் சதுரத்துக்கு 140. 886 சதுர அடிக்கு 1,235 ஓடு, உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,300. மோட்டு ஓடு இதில் சேராது, அது தனி. ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்றால் கூரைமேல் ஏறுவது மூன்று டன்னுக்கு மேல். அதே கூரைக்கு 0.45 மி.மீ. கலர் ஷீட் போட்டால் 330 கிலோதான். ஒன்பதில் ஒரு பங்கு.

பழைய ஓட்டையே திரும்பப் போடுவதானால் இறக்கி, கழுவி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல ஓடு. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். பத்துக்கு ஒன்றாவது போய்விடும் என்று எழுதிவைப்பது என் வழக்கம். அதற்கு ஈடாக வீடு உடைக்கிற இடத்தில் பழைய ஓடு வாங்கலாம். ஆனால் ஆலைக்கு ஆலை அச்சு வேறு. உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்தபின்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஓட்டுக்கு உண்மையான செலவு ஓட்டில் இல்லை, அதன் கீழே இருக்கிறது. ஓடு உட்காரப் பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய குறுக்குச் சட்டம் வேண்டும். 13 அடி 5 அங்குலச் சரிவுக்குப் பக்கத்துக்கு 14 வரிசை, மொத்தம் 28 வரிசை, ஒவ்வொன்றும் 33 அடி: 924 அடி ரீப்பர். ரீப்பரைத் தாங்க இரண்டரை அடிக்கு ஒரு கை, அதாவது மோட்டிலிருந்து இறவாரம் வரை சரிவில் ஓடும் சட்டம். ஷீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். நாலடி, நாலரை அடிக்கு ஒரு பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப் போதும். "ஓடு ஒண்ணு இத்தனை ரூபாதானே, ஷீட்டை விட மலிவா இருக்கே" என்று கணக்குப் போடுகிறவர்கள் ரீப்பரைக் கண்டதும் திகைத்துப் போவது இதனால்தான்.

அந்தக் காலத்தில் இந்தக் கைகளெல்லாம் பனை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைப் பிளந்து எடுத்த பனங்கை இன்னும் பல வீட்டில் கறுத்து, கெட்டியாக நிற்கிறது. புதிதாகப் பனை வெட்டிச் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 2021-ஆம் ஆண்டின் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். இருக்கிற பனங்கையைத் தட்டிப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியைக் கரையான் தின்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, நல்லதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் குறையும் மிகப் பெரிய தொகை அதுவாகத்தான் இருக்கும்.

ஷீட் என்று முடிவு செய்தால் அகலத்தைப் பாருங்கள். மூன்றரை அடி ஷீட் என்று சொன்னாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவது போக மூடுவது 3 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கடைசி ஷீட் முழு அகலமும் மூடுவதால் 33 அடிக்குப் பக்கத்துக்கு 10 ஷீட் கச்சிதமாக உட்காரும். "ரவுண்டா 34 அடி வச்சுக்கலாம்" என்றால் 11 ஷீட் ஆகிவிடும்; ஒரே ஓர் அடிக்காக இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு முழு ஷீட். கூரையின் நீளத்தை முடிவு செய்யும் முன்பே ஷீட்டின் அகலத்தால் வகுத்துப் பார்த்துவிட வேண்டும். நீளத்தில் அந்தத் தொல்லை இல்லை. கலர் ஷீட்டைக் கேட்கிற நீளத்துக்கு வெட்டித் தருவார்கள்; மோட்டிலிருந்து இறவாரம் வரை ஒட்டில்லாமல் ஒரே ஷீட்டாக 13 அரை அடி வாங்கிவிடலாம்.

பைப்பை அடியில் பார்க்காதே, கிலோவில் பார்

கூரையில் பணம் மறைகிற இடம் டிரஸ். 20 அடி அகலத்துக்கு ஒரு முக்கோண டிரஸ் என்று வையுங்கள். மேல் சட்டம் இரண்டும் சேர்ந்து 27 அடி, கீழ்ச் சட்டம் 20 அடி. இவை 2 அங்குலச் சதுரப் பைப், 2 மி.மீ. கனம். உள்ளே நிற்கும் கால்களுக்கு ஒன்றரை அங்குலப் பைப் 17 அடி. அடியில் தகடு. எல்லாம் சேர்ந்து ஒரு டிரஸ் ஏறக்குறைய 60 கிலோ. பத்தடிக்கு ஒன்று என்றால் நான்கு டிரஸ், 240 கிலோ. பர்லின் எட்டு வரிசை, 264 அடி, இன்னொரு 240 கிலோ. மொத்தம் 480 கிலோ. இது அளவு எடுக்கிற விதத்தைக் காட்டத்தான். உங்கள் இடத்துக்கு எந்தப் பைப், எத்தனை அடிக்கு ஒரு டிரஸ் என்பதை ஓர் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதைக் கான்கிரீட் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 600 சதுர அடித் தளத்துக்கு 55-லிருந்து 60 மூட்டை சிமென்ட், கம்பி ஐநூறு, அறுநூறு கிலோ. இரும்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! சாய்ப்பில் மிச்சமாவது சிமென்ட், ஜல்லி, சென்ட்ரிங், அத்தனை கனத்தைத் தாங்கும் சுவர் ஆகியவைதான். சுவர் ஏற்கெனவே பலமாக இருக்கிறது, மேலே பின்னால் ஒரு மாடியும் எடுக்க ஆசை என்றால் "சாய்ப்புதான் மலிவு" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

இப்போது கூலி. கிலோ கணக்கில் கூலி பேசினால் வேலை கனக்கும். தேவையில்லாத இடத்திலும் ஒரு குறுக்குப் பைப் வந்து உட்காரும். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் பேசினால் வேலை மெலியும். 2 மி.மீ. பைப் 1.6 ஆகும், பத்தடி டிரஸ் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாகும். ஆளின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசின முறையே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. நான் எழுதிக் கொடுப்பது இப்படி: பைப்பையும் ஷீட்டையும் வீட்டுக்காரர் வாங்குவது, எடைச் சீட்டோடு. கூலி மட்டும் சதுர அடிக்கு, அதுவும் சரிவில் அளந்த சதுர அடிக்கு.

கனத்தைச் சரிபார்க்க மைக்ரோமீட்டர் தேவையில்லை. 20 அடி நீளமுள்ள 2 அங்குலச் சதுரப் பைப் 2 மி.மீ. கனமாக இருந்தால் 18 கிலோ அளவில் நிற்கும். 1.6 மி.மீ. என்றால் 15 கிலோவுக்குள். கடையிலேயே ஒரு லென்த்தைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். மூன்று கிலோ வித்தியாசத்தை எந்தப் பேச்சாலும் மறைக்க முடியாது.

மேலே தள்ளுகிற காற்று

கூரை கீழே விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தகரக் கூரைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் எதிர்த் திசையில். காற்று அதை மேலே தூக்கும்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875, மூன்றாம் பாகம். அதன் பட்டியலில் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47. நாம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறோம். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் மணிக்கு 140 கிலோமீட்டர். நொடிக்கு மீட்டர் கணக்கில் உள்ள வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும்; கிலோவாக மாற்றினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ. கூரையின் சரிவையும் சுவரின் திறப்பையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் எதிரே நிற்கும் எடையைப் பாருங்கள்: ஓடு சதுர மீட்டருக்கு 37 கிலோ, ஷீட் வெறும் நான்கு. நம் வீட்டில் ஷீட்டும் பைப்பும் சேர்த்தே 810 கிலோதான். நாலு பக்கமும் திறந்த கொட்டகை என்றால் நிலைமை இன்னும் மோசம். காற்றுக்கு முன்னால் குடையைக் கவிழ்த்துப் பிடித்தமாதிரி, கீழிருந்தும் தள்ளும் மேலிருந்தும் இழுக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயல் உள்மாவட்டங்கள் வழியாகத்தான் மேற்கே போனது. கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற தைரியம் அவ்வளவு நல்லதில்லை. புயலை விடுங்கள், சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற ஒரு மணி நேரச் சூறைக்காற்று போதும்.

இதற்கான செலவு மூன்று இடத்தில் வருகிறது. ஒன்று, சுவரின் தலையைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட். நம் வீட்டுக்குச் சுற்றளவு 100 அடி. 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம் என்றால் 37.5 கன அடி. எட்டு, ஒன்பது மூட்டை சிமென்ட். 10 மி.மீ. கம்பி நாலு ஓட்டினால் 75 கிலோ, வளையம் தனி. இதன் எடை மட்டும் இரண்டரை டன்னுக்கு மேல். இரண்டு, டிரஸ் உட்காரும் இடத்தில் அந்தப் பெல்ட்டுக்குள் போல்ட்டைப் புதைத்துவிடுவது. கான்கிரீட் இறுகியபின் துளை போட்டு மாட்டுவதைவிட இது மலிவு, பலமும் அதிகம். மூன்று, ஷீட்டைப் பர்லினோடு பிடிக்கும் திருகு. மோட்டிலும் இறவாரத்திலும் முனைகளிலும் நெருக்கமாக, ரப்பர் வாஷரோடு போட வேண்டும். காற்று முதலில் கிளப்புவது ஓரத்தைத்தான்.

மொத்த எஸ்டிமேட்டில் சின்னத் தொகைகள் இவை. "இது எதுக்குண்ணே?" என்று முதலில் அடிபடுவதும் இவைதான்.

முக்கோணச் சுவர்

இரண்டு முனையிலும் மோடு வரை ஏறும் சுவரை டிரஸ் போடுகிறவர் தன் கணக்கில் எழுத மாட்டார். அது கொத்தனார் வேலை. கொத்தனாரும் சுவர் மட்டத்தோடு கணக்கை முடித்திருப்பார். 20 அடி அகலம், 5 அடி உயரம்: ஒரு முக்கோணம் 50 சதுர அடி, இரண்டுக்கும் 100. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 75 கன அடி, ஏறக்குறைய 1,000 செங்கல். இரண்டு பக்கமும் பூசினால் 200 சதுர அடிப் பூச்சு. உயரத்தில் வேலை என்பதால் சாரமும் வேண்டும். அந்தச் சுவரையே தாங்கலாக வைத்துப் பர்லினை உட்கார வைத்தால் முனையில் இருக்கும் இரண்டு டிரஸ் மிச்சம், 120 கிலோ இரும்பு. ஆக ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறையும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்க்கக் கூடாது.

கொட்டகைக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். வெயில் உள்ளே விழாமல் இருக்கக் கோழிக் கொட்டகையை மோடு கிழமேற்காக ஓடும்படி போடுவார்கள், அது சரிதான். ஆனால் அப்படிப் போட்டால் முக்கோணம் ஒன்று நேராக மேற்கைப் பார்க்கும். ஆனி, ஆடியில் நம் சமவெளியில் மேல்காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தப் பிடிப்பும் இல்லாமல் தனியாக நிற்கும் அந்த முக்கோணச் சுவரைச் சரிவோரமாகவும் ஒரு பெல்ட் போட்டுப் பர்லினோடு கட்ட வேண்டும். முக்கோணத்தைச் செங்கல்லுக்குப் பதில் ஷீட்டால் அடைத்தால் சுமை குறையும். மோட்டுக்குக் கீழே சூடான காற்று வெளியேற ஜாலி வைத்தால் உள்ளே இருக்கிற உயிர்கள் பிழைக்கும்.

பழைய கூரையை இறக்கும் செலவு

பழைய சிமென்ட் ஷீட், அதாவது கல்நார் ஷீட் இருந்தால் அதை இறக்குவதைத் தனி வரியாக எழுதுங்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கூரையில் சும்மா இருக்கும்போதைவிட, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூசிதான் ஆபத்து. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். சுத்தியால் உடைத்துத் தள்ளினால் ஒரு நாளில் முடியும் வேலை இதனால் இரண்டு நாள் ஆகலாம். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். இறக்கியதை அறுத்து ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாக வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு?

ஷீட் கூரைக்கு, நான் வைத்துக்கொண்ட விலையில்:

பைப் 480 கிலோ, கிலோ 75 ரூபாய்: 36,000.
ஷீட் 20 எண்ணம், 13 அரை அடி வீதம் 270 அடி, அடி 120 ரூபாய்: 32,400.
மோட்டு ஷீட் மேலடுக்கோடு 36 அடி, அடி 60 ரூபாய்: 2,160.
திருகு, போல்ட், பிரைமர்: 5,000.
கூலி 886 சதுர அடி, அடி 35 ரூபாய்: 31,010.

கூட்டினால் 1,06,570 ரூபாய். கூரையால் வகுத்தால் சதுர அடிக்கு 120. தரையால் வகுத்தால் 178. முதலில் சொன்ன இரண்டு விலையும் இதிலிருந்து வந்தவைதான்.

பட்டறைக்காரரின் விலைச் சீட்டு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். இதில் வராதவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்: பெல்ட், முக்கோணச் சுவர், பழைய கூரையை இறக்குவது, கரூரிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வரும் வண்டி வாடகை, மழைநீர்க் கட்டர், வயரிங் மாற்றம், வேலை நடக்கும்போது சாமான்களை மூட ஒரு தார்ப்பாய். ஜிஎஸ்டி உள்ளே சேர்ந்ததா என்றும் கேளுங்கள். இரும்புக்கு 18 சதவீதம். மேலே உள்ள பைப்பும் ஷீட்டும் மோட்டு ஷீட்டும் வரி சேராத விலையில் வந்தவை என்றால் இன்னொரு 12,700 ரூபாய்.

கட்டரைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். போர் ஆழம் கூடிக்கொண்டே போகும் ஊரில் கூரைத் தண்ணீரை மண்ணில் விடுவது வீண். இந்தக் கணக்குக்கு மட்டும் சரிவு அளவை மறந்துவிடுங்கள். மழை மேலிருந்து நேராக விழுவதால் படுக்கை அளவுதான் வேண்டும். 33 × 24 = 792 சதுர அடி. பத்து மில்லிமீட்டர் மழைக்கு 736 லிட்டர். சிந்தியது, காய்ந்தது போக ஐநூறு லிட்டருக்கு மேல் தொட்டியில் சேரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆகும்.

பணம் பத்தவில்லை என்றால்

எஸ்டிமேட்டைப் பார்த்ததும் "இதுல எதைக் குறைக்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் குறைக்கச் சொல்லும் வரிசை இது: முதலில் உள்கூரை, அதாவது சீலிங். அடுத்து வீட்டு முகப்பில் அழகுக்காக வைக்கும் சின்ன முக்கோணங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சரிவு சந்திக்கும் ஒரு பள்ளத்தை உண்டாக்கும், ஒழுகுவதும் அங்கேதான். அடுத்து முனை நீட்டலை ஒன்றரை அடியிலிருந்து ஓர் அடியாக்குவது. அப்புறம் முக்கோணச் சுவரின் வெளிப்பூச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது. அப்போதும் பத்தவில்லை என்றால் கூரையின் நீளத்தை ஒரு டிரஸ் அளவு குறைத்து, கட்டுவதை முழுமையாகக் கட்டுங்கள். மீதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளச் சாய்ப்புக் கூரையைப் போல வசதி வேறெதிலும் இல்லை. பர்லினை நீட்டி ஷீட்டை மாட்டினால் முடிந்தது.

பைப்பின் கனம், பெல்ட், புதைத்த போல்ட், திருகின் எண்ணிக்கை ஆகிய இந்த நான்கில் மட்டும் கை வைக்காதீர்கள். யாராவது மலிவாக ஒரு விலை சொன்னால் அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தச் சதுர அடி, எத்தனை கிலோ, சுவரோடு எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் அவர் சொன்ன விலை மற்றவரைவிடக் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே வேலையைக் கொடுங்கள்.